ஜான் கிரீனின் ‘பேப்பர் டவுன்ஸ்’ நாவல்: பிளஸ் டூ வாசகி ஒருத்தியின் கேள்வி பதில்

கதை என்ன? முடிவைச் சொல்லாமல் சொல்ல முடியுமா?

முடியும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஒர்லாண்டோ நகரம். அங்கே ஜெஃபர்சன் பார்க் என்ற குடியிருப்பில் க்வென்டினும் மார்கோவும் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். 9 வயதில் பூங்காவுக்கு விளையாடப் போன இடத்தில், தற்கொலை செய்துகொண்ட ஒருவரின் உடலை இருவரும் பார்த்துவிடுகிறார்கள். க்வென்டின் இரண்டு அடி பின்னால் வைக்கிறான். மார்கோ இரண்டு அடி முன்னால் வைக்கிறாள். இரண்டு பேரின் குணமும் அந்த ஒரு இடத்திலேயே தெரிந்துவிடும்.

வளர வளர பேச்சு குறைந்துபோகிறது. மார்கோவைப் பள்ளியே கொண்டாடுகிறது. க்வென்டினோ (நண்பர்களுக்கு அவன் ‘க்யூ’) யார் கண்ணிலும் படாத பையன். பள்ளி முடியச் சில வாரங்களே இருக்கும்போது, ஒரு நடுராத்திரி முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு அவன் ஜன்னலில் வந்து நிற்கிறாள் மார்கோ. கார் வேண்டும், ஓட்ட ஆள் வேண்டும், செய்து முடிக்க 11 வேலைகள் இருக்கின்றன என்கிறாள். ஏமாற்றிய காதலனையும் கூட இருந்து துரோகம் செய்த தோழியையும் பழிவாங்குவது அதில் பெரும்பகுதி. வம்பு பிடித்த ஒரு பையனின் ஒரு பக்கப் புருவத்தை மட்டும் எடுத்துவிடுவதும் உண்டு. விடிந்ததும் இனி எல்லாம் மாறிவிடும் என்ற நம்பிக்கையோடு க்யூ பள்ளிக்குப் போகிறான். மார்கோ வரவில்லை. வீட்டிலும் இல்லை. ஆனால் தனக்காகச் சில தடயங்களை விட்டுப் போயிருக்கிறாள் என்று அவன் நம்புகிறான். மீதிக் கதை அந்தத் தேடல்.

இது துப்பறியும் கதையா, காதல் கதையா?

வடிவம் துப்பறியும் கதை. அமெரிக்காவில் மர்மக் கதைகளுக்குத் தரும் எட்கர் விருது, 2009இல் இளையோர் பிரிவில் இதற்குக் கிடைத்தது. நாவல் வெளிவந்தது 2008இல்.

காதல் கதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் மேல் பித்துப் பிடித்துப்போவது எப்படி இருக்கும், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று காட்டும் கதை இது. க்யூவுக்கு மார்கோவோடு உண்மையான பழக்கம் என்று பார்த்தால் சின்ன வயது விளையாட்டும் அந்த ஒரு ராத்திரியும்தான். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மனசுக்குள் முழுசாக ஒரு பெண்ணைக் கட்டி எழுப்பிவிடுகிறான். அவன் தேடுவது அந்தப் பெண்ணைத்தான், காணாமல் போனவளை அல்ல. இந்த நாவல் என்னைப் பிடித்து உலுக்கியதற்குக் காரணம் இதுதான். மார்கோவைத் தேடும் பரபரப்பில் நானும் அவனோடு சேர்ந்து ஓடினேன், தடயங்களை நானும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் போன பிறகுதான் உறைத்தது, இந்தப் பெண் உண்மையில் யார் என்று நானும் இவ்வளவு நேரம் கேட்கவே இல்லை என்பது.

அந்தப் பித்து எப்படி வளர்கிறது? பையன் ஆரம்பத்திலிருந்தே அப்படியா?

இல்லை, அதுதான் ஜான் கிரீனின் திறமை. க்யூ ரொம்ப ஒழுங்கான பையன். பள்ளிக்கு நேரத்துக்குப் போவான். அம்மா அப்பா இரண்டு பேருமே மனநல ஆலோசகர்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. இப்படி ஒரு பையன் கொஞ்சம் கொஞ்சமாக எப்படி நழுவுகிறான் என்பதுதான் நடுப்பகுதி முழுவதும்.

முதல் தடயம் மார்கோவின் ஜன்னல் திரையில் ஒட்டியிருக்கும் ஒரு நாட்டுப்புறப் பாடகரின் படம். அதைத் தொடர்ந்து போனால் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் ‘புல்லின் இதழ்கள்’ கவிதைத் தொகுப்பு வருகிறது. அதில் சில வரிகளுக்குக் கோடு போட்டிருக்கிறாள். கதவையே நிலையிலிருந்து கழற்றிவிடு என்று ஒரு வரி. க்யூவும் நண்பர்களும் நிஜமாகவே கதவைக் கழற்றுகிறார்கள். முதலில் அவள் அறைக் கதவு, அதில் ஒன்றும் இல்லை. பிறகு க்யூவின் சொந்த அறைக் கதவு. ஒரு முகவரி எழுதிய துண்டுச் சீட்டு கிடைக்கிறது. அந்த முகவரியில் ஊருக்கு வெளியே பாழடைந்த ஒரு கடை வரிசை. பக்கத்தில் போனதும் பிண வாடை. அவள்தான் உள்ளே செத்துக் கிடக்கிறாள் என்று மூன்று பையன்களும் நடுங்கிப்போகிறார்கள். கிடந்தது ரக்கூன் என்ற ஒரு சின்னக் காட்டு விலங்கு.

இந்த இடத்துக்குப் பிறகு க்யூ பழைய க்யூ இல்லை. மார்கோ உயிரோடு இருக்க மாட்டாள் என்ற பயம் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்தக் கவிதை அவனுக்குத் தற்கொலைக் கடிதம் போலத் தெரிய ஆரம்பிக்கிறது. இலக்கிய ஆசிரியையோ, இவ்வளவு உற்சாகமான கவிதையை யாராவது இப்படிப் படிப்பார்களா என்று ஆச்சரியப்படுகிறார். என்னைக் கேட்டால் நாவலிலேயே முக்கியமான இடம் இதுதான். பித்துப் பிடித்தவனுக்கு உலகத்தில் உள்ள எல்லாமே அவனுக்கென்று அனுப்பிய செய்திதான். பயந்தால் கவிதையும் பயமுறுத்தும், நம்பிக்கை வந்தால் அதே வரி வழி காட்டும். கவிதை மாறவில்லை, படிக்கிறவன்தான் மாறிக்கொண்டே இருக்கிறான்.

அப்புறம் அந்த இசைத்தட்டுகள். மார்கோவின் அறையில் நூற்றுக்கணக்கான பழைய இசைத்தட்டுகள் அடுக்கியிருக்கின்றன. இத்தனை வருடம் அவளையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அவளுக்கு இசை பிடிக்கும் என்பதே தெரியாது. இந்த இடத்தை ஜான் கிரீன் சத்தமில்லாமல் கடந்து போகிறார். எனக்கு அது ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது.

க்யூ மேல் எரிச்சல் வரவில்லையா?

வந்தது, அதுவும் நிறைய. இரண்டு நல்ல நண்பர்கள் அவனுக்கு. பென் வாய் ஓயாமல் பேசுவான், பெண்களைப் பற்றி அவன் பேசும் சில பேச்சுகள் எனக்குப் பிடிக்கவே இல்லை. ரேடார் அமைதியானவன், கணினியில் கெட்டிக்காரன். ரேடாரின் பெற்றோர் கறுப்பின சான்டா கிளாஸ் பொம்மைகளை உலகத்திலேயே அதிகமாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள். வீடு முழுக்க, குளியலறை வரைக்கும் சான்டா. அதனாலேயே தன் தோழியை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூச்சப்படுகிறான். இது சிரிப்பதற்காக மட்டும் வைத்த விஷயம் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கும் சொந்தக் கவலைகள் உண்டு என்று நாம் பார்க்கிறோம். க்யூதான் பார்ப்பதில்லை.

பள்ளியின் கடைசி வாரங்கள் அவர்களுக்கும் கடைசி வாரங்கள்தானே? பள்ளி முடியும் சமயத்தில் நடக்கும் நடன விருந்தான பிராம் நாளில் எல்லோரும் உடுத்திக்கொண்டு போகும்போது க்யூ, மார்கோவைத் தேடி, பாதியில் கைவிடப்பட்ட குடியிருப்புகளுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகிறான். நண்பர்கள் கூட வராவிட்டால் கோபம். மார்கோ தொலைந்திருக்கும்போது உங்களால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்ற தோரணை. ஒரு கட்டத்தில் ரேடார் பொறுமை இழந்து சொல்லிவிடுகிறான்: உன் பிரச்சினையே மற்றவர்கள் அவர்களாக இருக்கக் கூடாது என்று நீ எதிர்பார்ப்பதுதான். பென் தாமதமாக வருவான், உளறுவான், அது தெரிந்துதானே நான் அவனோடு பழகுகிறேன் என்பது அவன் வாதம். இந்த இரண்டு நிமிடப் பேச்சை மட்டும் நான் பல முறை திரும்பப் படித்தேன். மார்கோவைத் தெய்வமாக்கியதும் நண்பர்களைக் குறை சொன்னதும் ஒரே தப்பின் இரண்டு பக்கங்கள் என்று ரேடார் மூலமாகத்தான் புரிகிறது.

மார்கோ சுயநலக்காரி இல்லையா? ஏன் அவளுக்காக இத்தனை பேர் அலைய வேண்டும்?

இணையத்தில் இந்தக் குற்றச்சாட்டை நிறையப் பார்க்கலாம். எனக்கு அவள் மேல் கோபத்தைவிடக் கரிசனம்தான் அதிகம். அவள் வீட்டை விட்டுப் போவது இது முதல் முறை இல்லை. ஒரு முறை ஆங்கில எழுத்து வடிவப் பாஸ்தா போட்ட சூப்பில், மிசிசிப்பி என்ற பெயரில் வரும் நான்கே எழுத்துகளை விட்டுவிட்டு அந்த மாநிலத்துக்குப் போயிருக்கிறாள். அது தடயம் என்று பெற்றோருக்குத் தெரியவே இல்லை. இந்த முறை அவர்கள் தேடவில்லை, பூட்டை மாற்றுகிறார்கள். தன் பிள்ளை மேல் இவ்வளவு சலிப்பை வெளிப்படையாகக் காட்டும் பெற்றோரைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது.

பெண்ணாக இருந்து இதைப் படிக்கும்போது இன்னொரு விஷயமும் தெரிகிறது. க்யூவுக்கு அவள் அதிசயம். பள்ளிக்கு அவள் பழங்கதை நாயகி. காதலனுக்குக் கையில் பிடித்துக்கொண்டு திரியும் பெருமை. தோழி லேஸிக்கோ அவள் தன்னைக் குறைவாக மதிப்பவள். ஆளுக்கொரு மார்கோ. யாராவது ஒருத்தர் நம்மை இப்படி மேலே தூக்கி வைத்தால் பார்க்கப் பெருமை போலத் தெரியும். ஆனால் அந்த உயரத்தில் நின்றுகொண்டு அழ முடியாது, சலித்துக்கொள்ள முடியாது, சாதாரணமாக ஒரு நாள்கூட இருக்க முடியாது. நம் சினிமாக்களில் ‘அவளுக்காக எதையும் செய்வேன்’ என்று பின்னாலேயே சுற்றும் நாயகனுக்கு விசில் பறக்கும். அந்த நாயகிக்கு மூச்சு முட்டியிருக்காதா என்று இப்போது யோசிக்கிறேன்.

நாவலில் குறையே இல்லையா?

இருக்கிறது, பெரிய குறையே இருக்கிறது. பெண்ணைக் கற்பனையாக மாற்றாதே என்று சொல்லும் இந்த நாவல், மார்கோவைப் பெரும்பாலான பக்கங்களில் இல்லாமலேயே வைத்திருக்கிறது. முதல் பகுதியில் ஒரு ராத்திரி, கடைசியில் சில பக்கங்கள். நடுவில் அவளைப் பற்றி மற்றவர்கள் பேசுவதுதான். சாகசமும் சோகமும் கலந்து வந்து பையனை மாற்றிவிட்டுப் போகும் மாயப் பெண் என்ற வழக்கமான பாத்திரத்தை உடைக்கவே இதை எழுதினேன் என்று ஜான் கிரீன் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நான் அதை நம்புகிறேன். ஆனால் உடைப்பதற்கு முன் அந்தப் பெண்ணை அவ்வளவு அழகாகக் கட்டிவிட்டார். பலருக்கு மனதில் நிற்பது உடைந்த பகுதி இல்லை, அந்த ராத்திரிதான். மார்கோ சொல்வதாக ஐம்பது பக்கமாவது இருந்திருக்கலாம்.

நடுப்பகுதி இழுக்கிறது என்பதும் உண்மை. வெறிச்சோடிய குடியிருப்புகளுக்கு மறுபடி மறுபடி போகிறான், ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறான். அவன் சலிப்பு நமக்கும் தொற்ற வேண்டும் என்பதற்காக அப்படி எழுதியிருக்கலாம். எனக்குத் தொற்றத்தான் செய்தது.

தலைப்பில் வரும் ‘பேப்பர் டவுன்’ நிஜமாகவே உண்டா?

உண்டு! நாவலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. வரைபடம் தயாரிப்பவர்கள் அந்தக் காலத்தில் தங்கள் உழைப்பை மற்றவர்கள் காப்பியடிப்பதைப் பிடிக்க ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். இல்லாத ஒரு ஊரை வரைபடத்தில் குறித்துவிடுவார்கள். போட்டி நிறுவனத்தின் வரைபடத்திலும் அதே ஊர் இருந்தால் திருட்டு வெளிப்பட்டுவிடும். 1930களில் ஜெனரல் டிராஃப்டிங் என்ற நிறுவனத்தின் ஓட்டோ லிண்ட்பெர்க், உதவியாளர் எர்னஸ்ட் ஆல்பர்ஸ் இருவரும் தங்கள் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ‘ஆக்லோ’ என்ற ஊரை உருவாக்கினார்கள். நியூயார்க் மாநிலத்தில், கேட்ஸ்கில் மலைப்பக்கம், ஒரு மண் பாதைச் சந்திப்பில் அதைக் குறித்தார்கள். எஸ்ஸோ பெட்ரோல் நிலையங்களில் கிடைத்த வரைபடங்களில் அது வந்தது.

சில காலம் கழித்து ராண்ட் மெக்நாலி என்ற இன்னொரு நிறுவனத்தின் வரைபடத்தில் ஆக்லோ தென்பட்டது. சரி, மாட்டிக்கொண்டார்கள் என்றுதானே தோன்றும்? ஆனால் அந்த இடத்தில் நிஜமாகவே ‘ஆக்லோ ஜெனரல் ஸ்டோர்’ என்று ஒரு கடை இருந்தது. கடை கட்டியவர் எஸ்ஸோ வரைபடத்தில் பெயரைப் பார்த்து, ஊர்ப் பெயர் இதுதான் போல என்று வைத்துவிட்டார். பொய்யாக வரைந்த ஊர், யாரோ நம்பியதால் ஓரளவு நிஜமாகிவிட்டது. கடையும் பிறகு மூடப்பட்டது. பித்தைப் பற்றிய நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான உண்மைச் சம்பவம் கிடைக்குமா? க்யூவும் காகிதத்தில் ஒரு மார்கோவை வரைந்து வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேரப் பார்க்கிறவன்தான்.

அந்த ராத்திரி உயரமான கட்டிடத்தின் மேலிருந்து ஒர்லாண்டோவைப் பார்த்து, இது காகித ஊர், காகித மனிதர்கள் என்று மார்கோவே சொல்கிறாள். அவள் தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்பது பிறகுதான் புரியும்.

முடிவு ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை?

இந்தப் பதிலில் முடிவைச் சொல்கிறேன். படிக்கப் போகிறவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

பள்ளிப் பட்டமளிப்பு நாளில் க்யூவுக்கு விஷயம் தெரிகிறது: மார்கோ ஆக்லோவில் இருக்கிறாள், மே 29 நண்பகல் வரைதான் இருப்பாள். விழாவை விட்டுவிட்டு க்யூ, பென், ரேடார், லேஸி நான்கு பேரும் வேனில் கிளம்புகிறார்கள். பட்டமளிப்பு அங்கியும் கையுமாக ஃப்ளோரிடாவிலிருந்து நியூயார்க் மாநிலம் வரை. இந்தப் பகுதி மணி மணியாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. பெட்ரோல் போட இத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டு ஓடுகிறார்கள். நாவலின் சந்தோஷமான பகுதி இதுதான், அந்தச் சந்தோஷம் மார்கோவிடமிருந்து வரவில்லை, வேனுக்குள் இருக்கிற நண்பர்களிடமிருந்து வருகிறது.

போய்ச் சேர்ந்தால் மார்கோ ஒரு பழைய கட்டிடத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. ஏன் வந்தீர்கள் என்று எரிந்து விழுகிறாள். அவள் தன்னைக் கண்டுபிடிக்கச் சொல்லி யாரையும் கூப்பிடவே இல்லை. க்யூவும் பதிலுக்குக் கத்துகிறான். அப்புறம்தான் இருவரும் முதல் முறையாக உட்கார்ந்து பேசுகிறார்கள், உண்மையாகப் பேசுகிறார்கள். முத்தமும் உண்டு. ஆனால் அவள் நியூயார்க் நகரத்துக்குப் போகிறாள், இவன் வீட்டுக்கும் கல்லூரிக்கும் திரும்புகிறான்.

இவ்வளவு தூரம் போனதற்கு இதுதானா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது சரியாகத்தான் பட்டது. அவள் கோபப்பட்டதால்தான் அவள் நிஜம் என்று க்யூவுக்குத் தெரிந்தது. அவன் கற்பனையில் இருந்த மார்கோ ஒரு நாளும் அவன் மேல் எரிந்து விழுந்திருக்க மாட்டாள்.

எந்த வயதினர் படிக்கலாம்? வீட்டில் கொடுக்கலாமா?

15 வயதுக்கு மேல் என்பேன். கெட்ட வார்த்தைகள் உண்டு, பையன்களின் கொச்சைப் பேச்சு உண்டு, குடி உண்டு, தொடக்கத்திலேயே தற்கொலை வருகிறது. 2014இல் ஃப்ளோரிடாவின் பாஸ்கோ கவுண்டியில் ஒரு நடுநிலைப் பள்ளி, பெற்றோர் ஒருவர் புகார் சொன்னதால் கோடை வாசிப்புப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. எதிர்ப்பு வந்த பிறகு மறுபடியும் சேர்த்தார்கள். ஒளித்து வைப்பதைவிடப் பெற்றோரும் ஒரு முறை படித்துவிட்டுப் பிள்ளையோடு பேசலாம். ஒருவர் மேல் பித்துப் பிடிப்பது இந்த வயதில் எங்கள் வகுப்பிலேயே தினமும் நடக்கிறது. பேசத்தான் யாரும் இல்லை.

ஆங்கிலம் கஷ்டமாக இருக்குமா?

இருக்காது. பேச்சு நடைதான். விட்மன் கவிதை வரும் இடங்கள் மட்டும் மெதுவாகப் போகும், க்யூவுக்கே அது முதலில் புரியாது, அதனால் கவலை வேண்டாம்.

படம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா?

2015இல் வந்தது. நாட் வுல்ஃப் க்யூவாகவும் காரா டெலவீன் மார்கோவாகவும் நடித்திருக்கிறார்கள். வேன் பயணமும் நண்பர்களின் கூத்தும் படத்தில் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் படத்தில் அவர்கள் பிராம் விருந்துக்கு முன்பே பயணம் போய், அதற்குத் திரும்பி வந்துவிடுகிறார்கள். நாவலில் க்யூ அந்த விருந்தையே தவறவிடுகிறான். அந்த இழப்புதான் பித்துக்கு அவன் கொடுத்த விலை. பயமும் படத்தில் குறைந்துவிட்டது. அவள் செத்திருப்பாளோ என்று நாவலில் பக்கம் பக்கமாக அவனை அரிக்கும் எண்ணம் படத்தில் கிட்டத்தட்ட இல்லை, அதனால் தேடல் ஒரு ஜாலியான புதையல் வேட்டை போல ஆகிவிட்டது. முதலில் நாவலைப் படியுங்கள், படத்தை நண்பர்களோடு ஒரு விடுமுறையில் பாருங்கள்.